மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று அட்டை எழுதி விற்கிற எல்லோருக்கும் ஒரு மடல்

நாற்றுப்பண்ணை நடத்துகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், மூலிகைக் குச்சிகளைப் பகிர்ந்துகொள்ளும் குழுக்களை நடத்துகிறவர்களுக்கும், விதைத் திருவிழாக்களில் மேசை போட்டுச் செடி கொடுக்கிற நண்பர்களுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று அட்டை எழுதிச் செருகிய எத்தனையோ தொட்டிகளில் இருப்பது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை. அது சிங்கப்பூர் டெய்சி. அழகுக்காகத் தரையில் படர விடுகிற செடி, தோட்ட வேலை செய்கிறவர்கள் இன்னும் பழைய பெயரில் வெடேலியா என்பார்களே, அதுதான். இரண்டுக்கும் பூ மஞ்சள், இரண்டும் தரையோடு ஓடும், இரண்டும் கணுவுக்குக் கணு வேர் விடும், பத்தடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்குமே சந்தேகம் வராது. கிட்டப் போய் இலையைப் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். அப்படிப் பார்க்க நானே மூன்று வருஷம் மெனக்கெடவில்லை, அதனால் உங்கள் மேல் கோபப்பட்டு இதை எழுதவில்லை. இது நின்றாக வேண்டும் என்று எழுதுகிறேன்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்குக் கீரை என்றால் உயிர். கரிசலாங்கண்ணி சாப்பிட்டால் நல்லது என்று எங்கோ கேட்டுவிட்டு, வெள்ளையை விட மஞ்சள்தான் உசத்தி என்று இன்னொருத்தர் சொன்னதையும் கேட்டுவிட்டு, வாங்கிக் கொடு என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாற்றுப்பண்ணையில் அட்டையோடு இருந்த தொட்டி ஒன்றை வாங்கி வந்தேன். நட்டது ஒரு தொட்டி. ஆறே மாதத்தில் மாடிச் சுவரோரம் முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது, வெயில் அடித்தாலும் சரி, இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சரி, ஒரு வாட்டம் கிடையாது. எவ்வளவு நல்ல செடி என்று பூரித்துப் போய் ஏழு வீட்டுக்குக் குச்சி ஒடித்துக் கொடுத்தேன். அம்மா தினமும் காலையில் ஐந்தாறு இலை பறித்து மென்றார், வாரத்தில் ஒரு நாள் பாசிப்பருப்போடு கூட்டும் வைத்தார்.

ஒரு நாள் ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். வயலில் களையெடுத்தே கைரேகை தேய்ந்த மனிதர். மாடிக்கு வந்து பார்த்தவர் குனிந்து ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, இதுக்கு மூணு காது இருக்கு? பொற்றலைக்கு ஏது காது?" என்றார். பொற்றலை என்பது மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இன்னொரு பெயர், ஆனாலும் எனக்கு அவர் சொன்னது புரியவே இல்லை. அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. அடுத்த முறை வந்தபோது ஒரு ஈரத்துணியில் நாலு குச்சி சுற்றிக்கொண்டு வந்தார், குளத்துக் கரையில் பிடுங்கியது.

இரண்டு இலைகளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மொத்த மடலும் இதற்காகத்தான். மாடியில் இருந்த செடியின் இலை அகலமாக, தடிப்பாக, எண்ணெய் தடவியது போன்ற பளபளப்போடு இருந்தது. காம்புப் பக்கம் ஆப்பு மாதிரி ஒடுங்கி, பாதி உயரத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மடல் வெளியே நீட்டிக்கொண்டு, நடு மடல் மட்டும் பெரிதாக மேலே போகிறது. பெரியப்பா சொன்ன மூன்று காது அதுதான். விளிம்பில் பற்களும் நன்றாக வெட்டி விட்டது போல இருக்கின்றன. குளத்துக் கரைச் செடியின் இலை ஒடுக்கமானது, நீளவாக்கில் ஈட்டி மாதிரி, மடல் பிரிவே கிடையாது. விளிம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆழமில்லாத பற்கள் இரண்டு மூன்று இருக்கும், சில இலைகளில் அதுவும் இருக்காது. விரலால் நுனியிலிருந்து காம்பு நோக்கித் தடவினால் சொரசொரவென்று குட்டை முடி தட்டுப்படும், இரண்டு பக்கமும். வெடேலியாவிலும் முடி இல்லாமல் இல்லை, ஆனால் அதன் தசைப்பற்றும் பளபளப்பும்தான் முதலில் கைக்கும் கண்ணுக்கும் வரும்.

ஒரு எச்சரிக்கை. வெடேலியாவில் எல்லா இலையிலும் மூன்று மடல் இருக்காது. இளந்தளிரிலும், நிழலில் நோஞ்சானாக வளர்ந்த கொடியிலும் மடல் சரியாகத் தெரியாமல் போகும். அதனால் ஒரு இலையைப் பார்த்து முடிவு கட்டாமல், நன்றாக முற்றிய இலைகளாகப் பத்தைப் பாருங்கள். பூவை வைத்து முடிவு கட்டவே கட்டாதீர்கள். சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளில் நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு கூட்டம், வெளி வட்டத்தில் இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ஒவ்வொன்றும் தனிப் பூ, நடுவில் பொட்டு மாதிரி தெரிவது குட்டிக் குட்டிக் குழாய்ப் பூக்களின் நெரிசல். அந்தக் குடும்பத்தில் நிறையச் செடிகளுக்கு இந்த அமைப்பு ஒன்றுதான் என்பதால் மஞ்சள் நிறமும் சேர்ந்துவிட்டால் கண் ஏமாந்துவிடும். வெடேலியாவின் பூ சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். பூவை மட்டும் படம் பிடித்துப் போட்டு "இது மஞ்சள் கரிசலாங்கண்ணியா" என்று கேட்கிறவர்களுக்கு "ஆமாம்" என்று உடனே பதில் சொல்லிவிடுகிறோம், அங்கிருந்துதான் பாதித் தப்பு கிளம்புகிறது. தயவுசெய்து இலைப் படம் கேளுங்கள்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பத்தின் இன்னொரு பாதி அங்கே இருக்கிறது. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குச் சித்த மருத்துவத்தில் பொற்றலைக் கையாந்தகரை என்று பெயர். பொன்னான தலை உடைய கையாந்தகரை. வெள்ளைப் பூ பூக்கிற கரிசலாங்கண்ணி வேறு இனம், எக்லிப்டா ப்ராஸ்ட்ரேட்டா, அதைப் பெரும்பாலும் யாரும் தப்பாக எடுப்பதில்லை, பூ சின்னது, வெள்ளை, இலையைக் கசக்கினால் கை கறுத்துவிடும். பொற்றலையின் தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா கேலெண்டுலேசியா. பழைய புத்தகங்களில் வெடேலியா கேலெண்டுலேசியா என்றும் வெடேலியா சைனென்சிஸ் என்றும் இருக்கும். சிங்கப்பூர் டெய்சியின் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா, பழைய பெயர் வெடேலியா ட்ரைலோபேட்டா. ட்ரைலோபேட்டா என்றாலே மூன்று மடல் கொண்டது என்றுதான் அர்த்தம், பெரியப்பா லத்தீன் படிக்காமலே சொன்னது. 1996ல் இரண்டு செடிகளையும் வெடேலியாவிலிருந்து எடுத்து ஸ்பாக்னெட்டிகோலா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். ஆக, வெறுமனே வெடேலியா என்று எழுதினாலும் ஸ்பாக்னெட்டிகோலா என்று எழுதினாலும் எது என்று தெரியாது. இரண்டாவது சொல் வேண்டும். அட்டையில் அந்த இரண்டாவது சொல்லைத் தமிழிலேயே எழுதுங்கள் போதும், கேலெண்டுலேசியா, ட்ரைலோபேட்டா என்று.

சிங்கப்பூர் டெய்சி என்ற பெயரைப் பார்த்து அது நம் பக்கத்துச் செடி என்று நினைப்பவர்களும் உண்டு. அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள், மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் அந்தப் பக்கம். பொற்றலையோ இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா, சீனா, ஜப்பான் வரை தானாக வளர்கிற செடி. வயல் வரப்பு, குளத்துக் கரை, வாய்க்கால் ஓரம், எங்கே ஈரம் நிற்குமோ அங்கே.

"பூ ஒன்றுதானே, குடும்பம் ஒன்றுதானே, சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்" என்று இதைச் சொன்ன உடனே என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். அம்மாவுக்கு எதுவும் ஆகவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் வெடேலியா சாப்பிடத் தகுந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு, அளவு பார்த்து, யாருக்கு ஆகும் யாருக்கு ஆகாது என்று கண்டுவைத்த அனுபவம் முழுவதும் பொற்றலைக்கு உரியது. வள்ளலார் தூதுளை, முசுமுசுக்கை, சீரகத்தோடு சேர்த்துச் சொன்னது பொற்றலைக் கையாந்தகரையை. வேதியியலிலும் அப்படித்தான். வெடலோலாக்டோன் என்று ஒரு பொருள், கரிசலாங்கண்ணி பற்றி எந்த ஆய்வை எடுத்தாலும் அந்தப் பெயர் வரும். அதை முதலில் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பைச் சொன்னது சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்த பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் இருந்தவர்களும், 1956ல். அவர்கள் கையில் எடுத்த செடி வெடேலியா கேலெண்டுலேசியா, நம் பொற்றலை. அந்தச் செடியின் பெயரைத்தான் அந்தப் பொருளுக்கும் வைத்தார்கள். நம் ஊர்க் கல்லூரியில், நம் ஊர்ச் செடியில் செய்த வேலை அது, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கும். ட்ரைலோபேட்டாவில் இருப்பதாக ஆய்வுகள் அதிகம் பேசுவது கௌரீன் வகை டைட்டர்பீன்கள் என்ற வேதிப்பொருட்கள், அது வேறு கூட்டம். அதற்கு அதன் ஊரில் வேறு கைவைத்தியப் பயன்கள் உண்டு, சளிக்கு, மாதவிடாய் வலிக்கு என்றெல்லாம் கரீபியன் பக்கம் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதையே யோசித்துப் பாருங்கள். மாதவிடாய் சம்பந்தப்பட்ட ஒன்றுக்கு ஒரு ஊரில் மருந்தாக எடுக்கிற செடியை, இன்னொரு ஊரில் அது என்னவென்றே தெரியாமல் கர்ப்பிணிப் பெண் கீரை என்று சமைத்துச் சாப்பிடலாமா? இலையை நம்பிச் சாப்பிடுகிறவர் உங்கள் அட்டையை நம்பித்தான் சாப்பிடுகிறார். அழகுச் செடிக்குத் தப்பான பெயர் எழுதினால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. வாய்க்குள் போகிற செடிக்கு எழுதக் கூடாது.

சரி, இவ்வளவு பேர், அதுவும் செடியோடே வாழ்கிறவர்கள், எப்படி இதைத் தவற விடுகிறார்கள் என்று ரொம்ப நாள் யோசித்தேன். யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை என்றுதான் தோன்றுகிறது. பெரியப்பா கொண்டுவந்த நாலு குச்சியை வளர்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு பண்ணைக்கு இரண்டு செடிகளும் ஒரே பெயரில் வந்து சேருகின்றன என்று வையுங்கள். பொற்றலைக்கு ஈரம் குறைந்தால் இலை சுருங்கிப் போகும், பையில் வேர் பிடிக்க நாள் எடுக்கும், கோடையில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் போயே போய்விடும். வெடேலியாவை ஒடித்து மண்ணில் சும்மா போட்டாலும் பிடித்துக்கொள்ளும். ஒரே வருஷத்தில் பண்ணையில் எது மிச்சம் இருக்கும்? எந்தப் பையில் பூ நிறைய இருக்கும், எதை வாங்குகிறவர் கை நீட்டி எடுப்பார்? அடுத்த வருஷம் அதிலிருந்துதான் குச்சி ஒடிப்பீர்கள். அது பத்துப் பேர் வீட்டுக்குப் போகும், அவர்களும் நல்லா வருதுங்க என்று சொல்லி இன்னும் பத்துப் பேருக்குக் கொடுப்பார்கள், நான் ஏழு பேருக்குக் கொடுத்தேனே அப்படி. இப்படிக் கை மாறக் கை மாற, சுலபமாக வளர்கிற செடி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது, பெயருக்குச் சொந்தமான செடி குளத்துக் கரையில் நிற்கிறது.

அதனால்தான் உங்களிடம் கேட்கிற முதல் விஷயம், தாய்ச்செடியைப் பாருங்கள். விற்பனைக்கு வைத்திருக்கிற பைகளை விடுங்கள், எதிலிருந்து குச்சி ஒடிக்கிறீர்களோ அந்தத் தொட்டி, அந்தப் பாத்தி. இன்றைக்கே போய் முற்றிய இலையாகப் பத்து கிள்ளிப் பாருங்கள். மூன்று காது இருந்தால் அந்த அட்டையை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

வளர்ப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "அசல் செடி பிழைக்கவே மாட்டேங்குதுங்க" என்று பண்ணைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். பிழைக்கும். என் நாலு குச்சியில் முதலில் இரண்டு அழுகிப் போயின, அது என் அவசரத்தால். குச்சியைச் செங்குத்தாக ஆழமாகச் செருகித் தண்ணீரைக் குளம் கட்டிவிட்டேன். பெரியப்பா ஃபோனில் திட்டினார், கொடியை அது எப்படி ஓடுமோ அப்படிப் படுக்க வை என்றார். இப்போது நான் செய்வது இது. பூ இல்லாத, நுனிக்குக் கீழே கொஞ்சம் கெட்டிப்பட்ட தண்டாகப் பார்த்து, மூன்று நாலு கணு வருகிற மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுகிறேன். அடியில் உள்ள இலைகளை மட்டும் எடுத்துவிட்டு, தண்டை மண்மேல் சாய்த்துக் கிடத்தி, இரண்டு கணுக்கள் மேல் மட்டும் ஒரு விரல் கனத்துக்கு மண் தள்ளி லேசாக அழுத்துகிறேன். தண்டு எழுந்து வராமல் இருக்க வளைத்த ஈர்க்குச்சி ஒன்றைக் குத்தினால் போதும். நுனி இலைகள் வெளியே மூச்சு விடட்டும். நிழலில் பதினைந்து இருபது நாள், மண் ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது. புதுத் தளிர் வந்துவிட்டால் வேர் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம், அப்புறம் காலை வெயில் படுகிற இடத்துக்கு மாற்றலாம்.

தொட்டி ஆழமாக இருந்து பிரயோஜனம் இல்லை. இது பக்கவாட்டில் ஓடுகிற செடி, ஓடிய இடத்திலெல்லாம் கணு மண்ணைத் தொட வேண்டும், தொட்டால்தான் அங்கே வேர் விட்டுப் புதுக் கிளை எழும். அகலமான தட்டு, பழைய பாத்திரம், உடைந்த தண்ணீர்த் தொட்டியின் பாதி, எது கிடைத்தாலும் அடியில் ஓட்டை போட்டு முக்கால் சாண் மண் இருந்தால் போதும். மண்ணில் மக்கிய எரு தாராளமாகக் கலந்தால் ஈரம் பிடித்து நிற்கும். இதன் இயல்பு வரப்போரம் என்பதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். முழு வெயிலைக் கூடத் தாங்கும், காலடி ஈரமாக இருந்தால். காய்ந்த மண்ணும் உச்சி வெயிலும் சேர்ந்தால்தான் இலை சிறுத்து முறுக்கிக்கொள்ளும். அறுப்பு எடுக்கும்போது கொடியைப் பிடுங்கி இழுக்காமல், எழுந்து நிற்கிற கிளைகளை மட்டும் இரண்டு கணு விட்டுக் கத்தரித்தால் மறுபடி தழையும். என்னிடம் இப்போது இரண்டு தட்டு நிறைய இருக்கிறது, அம்மாவுக்கு வாரத்துக்கு இரண்டு முறைக்குத் தாராளமாக வருகிறது.

குளத்துக் கரையில் சும்மா கிடைக்கிறதே, எதற்கு வளர்ப்பது என்று கேட்காதீர்கள். சாக்கடை கலக்கிற வாய்க்காலிலும் பூச்சிமருந்து அடித்த வயல் வரப்பிலும் வளர்கிற செடி அங்கே இருக்கிறதை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். தாய்க் குச்சிக்கு அங்கே போங்கள், அதுவும் நாலைந்து குச்சி போதும், மொத்தமாக வழித்து எடுக்க வேண்டாம். வாய்க்குப் போகிற இலை உங்கள் மண்ணில், உங்கள் தண்ணீரில் வளர்ந்ததாக இருக்கட்டும்.

இப்போது வெடேலியாவின் இன்னொரு பக்கம். பெயர் மாறியது மட்டும் என்றால் அட்டையை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு உலகின் மிக மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறது, நம் ஏரிகளை மூடிய ஆகாயத்தாமரையும் காடுகளை அடைத்த உண்ணிச்செடியும் இருக்கிற அதே பட்டியல். அதில் இந்தச் செடியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதை விற்கவும் கொடுக்கவும் வெளியில் கொட்டவும் சட்டப்படி கூடாது. பசிபிக் தீவுகளில் பல இடங்களில் சாலையோரமும் கடற்கரையும் இதுவேதான். விதை மூலம் இது பெரிதாகப் பரவுவதில்லை, மனிதர் கையால்தான் அதிகம் பரவுகிறது. கத்தரித்துக் குப்பையோடு கொட்டிய ஒரு துண்டில் ஒரு கணு இருந்தால் போதும், ஈரம் பட்ட இடத்தில் எழுந்துவிடும். பாய் மாதிரி அடர்ந்து கீழே வேறு விதை முளைக்க வெளிச்சம் விடாது, போதாததற்கு அதன் இலையிலும் வேரிலும் இருந்து கசிகிற பொருட்கள் மற்ற செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்றும் ஆய்வுகள் சொல்கின்றன.

இதில் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் ஒன்று உண்டு. வெடேலியாவுக்குப் பிடித்த இடம் எது? ஈரமான வாய்க்கால் ஓரம், குளத்துக் கரை. பொற்றலை நிற்கிற அதே இடம். தெற்குச் சீனாவில் இரண்டும் அருகருகே வளர்ந்த இடங்களில் இரண்டும் கலந்து கலப்பினச் செடிகள் தோன்றியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், அங்கே பொற்றலைதான் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. அதாவது நாம் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற பெயரில் வெடேலியாவை வீடு வீடாகக் கொடுக்கிறோம், அது அங்கிருந்து குப்பையோடு வாய்க்காலுக்குப் போகிறது, வாய்க்காலில் நிற்கிற அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணியை மூடுகிறது. மூலிகையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துச் செய்கிற வேலை அந்த மூலிகையின் இடத்தையே பறிக்கிறது. கலப்பினம் நம் பக்கமும் வந்துவிட்டால் அப்புறம் காது எண்ணிக் கண்டுபிடிக்கிற சுலப வழியும் போய்விடும்.

அதனால் தாய்ச்செடி வெடேலியா என்று தெரிந்தால் அட்டையை மாற்றி அழகுச் செடியாக விற்கலாமே என்று நினைக்கிறவர்களிடம், அதையும் விட்டுவிடுங்கள் என்றே கேட்கிறேன். தரை மூட வேறு எத்தனையோ செடி இருக்கிறது. உங்களுக்கு நஷ்டம் என்பது எனக்குத் தெரியும், பை, மண், ஆள் கூலி எல்லாம் போட்டு வளர்த்தது. ஆனாலும் கேட்கிறேன்.

அழிக்கும்போதும் ஜாக்கிரதை வேண்டும். பிடுங்கி மண்குவியலிலோ உரக்குழியிலோ பச்சையாகப் போடாதீர்கள், அங்கேயே வேர் விடும். நான் மாடியில் பிடுங்கியதை ஒரு பழைய தார்ப்பாயில் பரப்பி நல்ல வெயிலில் காய வைத்தேன், மண்ணைத் தொடவே விடவில்லை. தடித்த தண்டுகள் நாலு நாள் ஆகியும் உள்ளே பச்சையாகவே இருந்தன, ஒடித்துப் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். படக்கென்று சுள்ளி மாதிரி ஒடிகிற வரை காய விட வேண்டும். வெயில் இல்லாத நாட்களில் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயில் படும் இடத்தில் வாரக் கணக்கில் வைத்தால் வெந்து மக்கிவிடும். தரையில் நட்டிருந்தால் ஒரு தடவை பிடுங்கினால் தீராது, விட்டுப்போன கணு எழுந்துகொண்டே இருக்கும், மாதா மாதம் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஏற்கெனவே வாங்கிப் போனவர்களுக்குச் சொல்லுங்கள். இதைச் சொல்லத்தான் கூச்சம் அதிகம் இருக்கும், எனக்கும் இருந்தது. உங்களிடம் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, வாடிக்கையாளர் எண்கள் இருக்கின்றன. இரண்டு இலையையும் பக்கத்தில் வைத்து ஒரு படம், கீழே ஒரு வரி, நாங்கள் கொடுத்தது இதுவாக இருந்தால் சாப்பிடாதீர்கள் என்று. உங்கள் பெயர் கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள். அப்படி ஒரு செய்தி அனுப்புகிற பண்ணையிலிருந்து நான் கண்ணை மூடிக்கொண்டு செடி வாங்குவேன்.

மூலிகை பற்றிக் காணொளி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சொல்லுகிற பலன்கள் பொற்றலையுடையவை, பின்னால் காட்டுகிற செடி பல தடவை வெடேலியா. தெரிந்து செய்யவில்லை, பக்கத்துப் பூங்காவில் பூத்திருந்ததைப் படம் எடுத்திருப்பீர்கள். ஆனால் உங்கள் காணொளியைப் பார்த்துவிட்டு ஒருவர் அதே பூங்காவில் போய்ப் பறிக்கிறார், பூங்காவில் அடித்த மருந்தோடு சேர்த்து. இலையைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்து முன்னும் பின்னும் காட்டுங்கள். பழையதை நீக்கவோ, கீழே திருத்தம் போடவோ முடியுமென்றால் போடுங்கள்.

நான் குச்சி கொடுத்த ஏழு வீட்டுக்கும் போனேன். ஐந்து வீட்டில் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பிடுங்கி, பையில் கட்டி எடுத்து வந்தேன், மூன்று வீட்டில் அதற்குப் பதிலாகப் பொற்றலை வைத்துக் கொடுத்தேன். ஒரு அக்கா வீட்டில் மட்டும் செடி ஏற்கெனவே செத்துப் போயிருந்தது, அவ்வளவு நிம்மதி எனக்கு. ஏழாவது வீட்டுக்காரர்கள் வேறு ஊருக்கு மாறிப் போனபோது தொட்டிகளைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், எங்கள் தெரு முனையில் இருக்கிற மழைநீர் வாய்க்கால் சரிவில். நான் போய்ப் பார்த்தபோது இரண்டு கட்டில் அகலத்துக்குப் பரவிப் பூத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்க்கொண்டிருக்கிறேன், இது ஐந்தாவது மாதம். இப்போது கைப்பிடி அளவுதான் ஒவ்வொரு வாரமும் வருகிறது, போன வாரம் எட்டுத் தளிர். அந்தச் சரிவில் கொஞ்சம் கீழே, தண்ணீர் தேங்குகிற ஓரத்தில், காது இல்லாத ஒடுக்க இலையோடு ஒரு கொடி கிடப்பதைப் போன மாதம்தான் பார்த்தேன். அதைத் தொடாமல் விட்டிருக்கிறேன்.

தாய்ச்செடி வேண்டுமென்றால் கேளுங்கள், ஒரு பண்ணைக்கு ஐந்து குச்சி வீதம் ஈரத்துணியில் சுற்றி அனுப்பிவைக்கிறேன். முற்றிய இலை இரண்டும் கூடவே வைக்கிறேன், உங்களிடம் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஏழு வீட்டுக்குத் தப்பான செடி கொடுத்த ஒருவர்